கண்டக்டரும் பிரம்பு நாற்காலியும்

காலை ஆறரைக்கு மறுபடியும் அந்தச் சத்தம். சரக், சரக், சரக். வாயில் பிரஷ்ஷும் நுரையுமாகக் குளியலறையிலிருந்து ஓடிவந்தான் ஸ்டான்லி. ஹாலில், பாலிஷ் மினுங்கும் பிரம்பு நாற்காலிக்குப் பின்னால் எழுந்து நின்று, உடம்பை வில்லாக வளைத்து, நாற்காலிக் காலைப் பிறாண்டிக்கொண்டிருந்தது பூனை. அவனைப் பார்த்ததும் நிறுத்தியது. ஒரு கொட்டாவி விட்டது. மீதியையும் முடித்துவிட்டுத்தான் நகர்ந்தது.

“அம்மா! உன் செல்லத்த வந்து பாரு!”

“மொதல்ல வாயக் கொப்புளிச்சிட்டு வந்து கத்துடா. தரையெல்லாம் நுரை” என்றாள் இன்னாசியம்மாள், அடுப்படியிலிருந்து.

நாற்காலி ஸ்டான்லியின் அப்பா மிக்கேல்ராஜுடையது. முப்பது வருஷம் திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் பஸ் ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு தினமும் சாயங்காலம் வாசலைப் பார்த்து அதில்தான் உட்கார்ந்திருப்பார். டெப்போ பக்கம் கிடைத்த பூனைக்குட்டியைத் தூக்கிவந்து ‘கண்டக்டர்’ என்று பேர் வைத்ததும் அவர்தான். போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் ஸ்டான்லி யாரையும் உட்காரவிட்டதில்லை.

அவருடைய முதலாம் ஆண்டு நினைவுப் பூசை வருகிற மாதம். சொந்தமெல்லாம் வரும். அப்பாவின் படத்தை அவர் நாற்காலியிலேயே வைத்து மாலை போடவேண்டும் என்று ஸ்டான்லிக்கு ஆசை. நாற்காலியைப் புதுப்பிக்க ஆசாரியிடம் கொண்டுபோனான். பின்னங்கால் ஒன்றில் சுற்றியிருந்த அழுக்குக் கயிற்றை அறுத்து எறிந்த ஆசாரி, “காலு நல்லாத்தானப்பு இருக்கு, எதுக்குக் கட்டு?” என்று கேட்டார். அவனுக்கும் தெரியவில்லை. புதுப் பிரம்பு பின்னி, பாலிஷ் போட்டு வீட்டுக்கு வந்த அன்றே கண்டக்டர் வேலையைத் தொடங்கிவிட்டது.

எலுமிச்சைத் தோல் வைத்துப் பார்த்தான். அதைப் பந்தாக உருட்டி விளையாடியது. வேப்பெண்ணெய் தடவினான். பூனை அசரவில்லை, மனிதர்கள்தான் மூன்று நாள் ஹாலில் உட்கார முடியாமல் திண்டாடினார்கள். நகத்தை வெட்டப்போய், புறங்கையில் நாலு கோடு வாங்கிக்கொண்டு ஊசி போட ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

“அப்பாவோடதுன்னு இருக்கிறது இது ஒண்ணுதாம்மா. இதையும் கிழிச்சுப் போடட்டும்னு விடச் சொல்றியா?”

பூனையும் அவருடையதுதானே என்று கேட்க வாயெடுத்தாள் இன்னாசியம்மாள். மகனின் குரல் உடைந்ததைக் கேட்டு அடக்கிக்கொண்டாள். ஆபீசில் அவனோடு வேலை பார்க்கும் கருப்பணனுக்கு ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து பூனையைக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

அவர்கள் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து திரும்பியபோது, சாக்கும் அதைக் கட்ட ஒரு சுருள் தேங்காய்நார்க் கயிறுமாக வாசலில் நின்றான் கருப்பணன்.

“ஏனுங்கம்மா, ஆளு எங்கீங்க?”

“சாக்கப் பாத்ததும் அலமாரி மேல ஏறிட்டான். காபி குடிங்க மொதல்ல. மீனு இல்லாம அவனுக்குச் சோறு எறங்காது, பாத்துக்கங்க.”

“கொய்யாப்பழம் திங்காதுங்களா?” என்று சிரித்தான். இன்னாசியம்மாள் சிரிக்கவில்லை.

மேஜைமேல் ஸ்டூடியோக் கவர் கிடந்தது. நினைவுப் பூசைக்காகப் பெரிதாக்கிய கணவரின் படத்தை வெளியே எடுத்தாள். முகம் மட்டும்தான் இருந்தது.

“போன கிறிஸ்துமஸுக்கு முந்தினதுல எடுத்ததும்மா. கேமராவப் பாருங்கப்பான்னா திரும்பிட்டாரு. அதான் மூஞ்சிய மட்டும் வெட்டி எடுத்திருக்காங்க” என்றான் ஸ்டான்லி.

கவரைக் கவிழ்த்தாள். பழைய சின்னப் படம் விழுந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

நாற்காலியில் அவர். தலையைத் திருப்பி, பின்னால் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அங்கே கண்டக்டர், கயிறு சுற்றிய காலைப் பிடித்தபடி எழுந்து நின்றது. கயிறு பிரிந்து நார்நாராகச் சிலிர்த்திருந்தது.

அவர் இருந்தவரை தினமும் சாயங்காலம் அடுப்படியில் இருக்கும்போது அந்தச் சரக் சரக் சத்தம் அவளுக்குக் கேட்கும். கூடவே அவர் குரலும்: “டிக்கெட் கிழிச்சாச்சா கண்டக்டரே? ரைட்டா? போவமா?” வேலை விட்ட மனுஷன் பொழுதுபோகாமல் பேசுகிறார் என்று நினைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை.

படத்தை மகனிடம் நீட்டினாள். அவன் நெடுநேரம் பார்த்தான்.

“ஆசாரி கேட்டாரும்மா, எதுக்குக் கட்டுன்னு…” என்றான்.

இன்னாசியம்மாள் சாக்கின் மேலிருந்த கயிற்றை எடுத்தாள். “தம்பி, இது எனக்கு வேணும்.”

“அப்புறம் சாக்க எதுல கட்டறதுங்க?”

“சாக்கு வெறுமனே போகட்டும்.”

நாற்காலிக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். புது பாலிஷில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. பின்னங்காலில் கயிற்றைச் சுற்றி இழுக்க, நாற்காலி நழுவியது. மறுபடி இழுத்தாள். மறுபடியும் நழுவியது. நிமிர்ந்து மகனைப் பார்த்தாள்.

“ஆடுதுடா. உக்காந்து அமுக்கிப் பிடி.”

ஸ்டான்லி தயங்கினான். பிறகு நாற்காலியின் கைகளைத் தடவியபடி, மெல்ல உட்கார்ந்தான். புதுப் பிரம்பு கிறீச்சிட்டது.

முடிச்சுப் போட்டுவிட்டு அவள் விலகிக்கொண்டாள். அலமாரி மேலிருந்து தொப்பென்று குதித்த கண்டக்டர், யாரையும் பார்க்காமல் நடந்துவந்து கயிற்றை முகர்ந்தது. கருப்பணன் டம்ளரைக் கீழே வைக்காமல் நின்றான். ஸ்டான்லி திரும்பவில்லை. வெயில் விழுந்த வாசலைப் பார்த்தபடி, பின்னாலிருந்து சத்தம் வருவதற்காகக் காத்திருந்தான்.