நடுவில் ஒரு கிணறு

இங்கிலாந்திலிருந்து பினாங்கு வந்திறங்கிய மறுநாளே ஆலிஸ், ஜெலுத்தோங் சந்தைக்குப் பக்கத்துக் கோப்பிக் கடைக்கு அருந்ததியை வரச் சொல்லிவிட்டாள். பினாங்கில் ஒன்றாய்ப் பள்ளிக்குப் போய், இங்கிலாந்தில் ஒன்றாய் அணு இயற்பியல் படித்தவர்கள். படிப்பு முடிந்து இருவரும் சேர்ந்த அணு ஆராய்ச்சி உலையிலேயே ஆலிஸ் வேலைக்குத் தங்கிவிட்டாள். அருந்ததி எழுபத்தாறில் கல்யாணத்துக்கென்று திரும்பினாள். பதினைந்து வருடமாய் பாயான் பாருவில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன்.

கோப்பி ஆறும்வரை ஆலிஸ் வேறெதையோ பேசினாள். பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"உன் கிணத்தை மூடப் போறாங்க, அரு."

கிணறு என்று அதற்குப் பெயர் வைத்தவளே ஆலிஸ்தான். உலைத் தொட்டியின் தண்ணீருக்கடியில் எரிபொருள் கட்டுகளை நெருக்கி அடுக்கி, நட்டநடுவே ஓர் இடத்தை வெறும் தண்ணீராக விடச் சொன்னது அருந்ததியின் கணக்கு. சுற்றிலும் பிறக்கும் நியூட்ரான்கள் வேகம் தணிந்து அங்கே வந்து குவியும்; சோதிக்க வேண்டிய சாம்பிளை அதில்தான் இறக்குவார்கள். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் செறிவூட்டிய யுரேனியம் என்பதால்தான் ஓர் இடத்தைச் சும்மா விட முடிந்தது. வெளியே பனி கொட்டும் காலைகளில் அருந்ததி, நீல வெளிச்சம் சூழ்ந்த அந்தச் சதுரத்தை மேலேயிருந்து பார்த்துக்கொண்டே நிற்பாள். அதற்குப் பிறகு அவள் செய்தது என்று உலகத்தில் வேறொன்றும் இல்லை. மகள்கள் இருந்தார்கள், அவர்கள் அவள் கணக்கில் வந்தவர்கள் அல்ல.

குண்டு செய்ய உதவாத புது எரிபொருளுக்கு உலையை மாற்றுகிறார்கள், அதன் செறிவு இருபது சதவீதத்துக்கும் கீழே என்றாள் ஆலிஸ். உலை ஓட இன்னொரு கட்டு வேண்டும். வைக்க வேறு இடமில்லை.

"நீ வேணாம்னு சொல்லு, நான் கூட்டத்தில சண்டை போடுறேன் லா. என் பேச்சுக்கு அங்க மரியாதை இருக்கு."

"உனக்கா? மரியாதையா?"

ஆலிஸ் சிரித்தாள். அருந்ததிக்கு 'வேண்டாம்' நாக்கு நுனிவரை வந்தது. கூடவே அந்த உலை வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலாளியும் நினைவில் வந்தான். அவனுக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டு இருவரும் சிரித்தபடி உள்ளே போவார்கள். குண்டாகவும் ஆகக்கூடிய பொருளுக்குத்தான் அவன் காவல் என்பது அந்த வயதில் உறைக்கவில்லை. கிணறு இருக்க வேண்டுமானால் அவனும் அங்கே நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

ஆலிஸின் பேனாவை வாங்கி, மேசையில் கிடந்த பத்திரிகையின் ஓரத்தில் உலையின் அடுக்கைக் கட்டங்களாகப் போட்டாள். "சாம்பிளை ஓரத்துக்குக் கொண்டு போ. நியூட்ரான் உள்ளே திரும்பி வர வெளிப்பக்கம் கிராஃபைட் வை. கொஞ்சம் குறையும், ஆனா வேலை நடக்கும்."

"தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தாச்சு."

"அப்புறம் ஏன் என்னைக் கேக்கிற?"

"வேற யாரைக் கேக்க?"

அருந்ததி நடுக்கட்டத்தில் பேனாவை வைத்தாள். பிறகு மெதுவாக, ஒரு மூலையும் வெள்ளையாய் மிஞ்சாமல், அதை மையால் நிரப்பினாள்.