இறக்கைக்கு அந்தப் பக்கம்

போருக்கு ஆள் எடுத்தபோது, இடது காது கேட்காது என்று வர்ஜிலைப் பட்டாளத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. வாசலில் நின்று அவன் அதைச் சொன்னபோது மனைவி லியோனாவின் முகம் ஒரு நொடி மலர்ந்துவிட்டது. அவன் பார்த்துவிட்டான்.

அதிலிருந்து ஐந்து மாதமாக, உப்பு போதுமா என்றால்கூட "சரி" என்ற ஒரே பதில்தான். இப்போது அலாஸ்காவில் சாலை போடும் வேலைக்குக் கடிதம் வந்திருக்கிறது. சனிக்கிழமைக்குள் பதில் போட வேண்டும். ஏன் சீருடை போடவில்லை என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள் என்றான். நீயும் வா என்று சொல்லவில்லை.

விச்சிட்டா நகரத்து விமானத் தொழிற்சாலையில் அவன் பெயின்ட் பிரிவு. அவள் இறக்கைத் தகட்டில் ஆணியடிக்கும் துப்பாக்கியால் ரிவெட் ஆணி அடிப்பவள். தகட்டின் அந்தப் பக்கம் இன்னொருத்தி இரும்புக்கட்டையால் முட்டுக் கொடுப்பாள். இரைச்சலில் பேச்சு எடுபடாது. ஆணி நன்றாகப் பதிந்தால் கட்டையால் ஒரு தட்டு. இன்னும் அடி என்றால் இரண்டு. பிடுங்கி எறி என்றால் மூன்று.

செவ்வாயன்று முட்டுப் பிடிக்கும் இனஸுக்குக் காய்ச்சல். மேற்பார்வையாளர் ஹாங்க் வர்ஜிலைக் கூட்டிவந்தார்.

"வீட்டுலதான் பொண்டாட்டி பேச்சைக் கேக்கறதில்ல. இங்கயாச்சும் கேளுப்பா!"

"அதுக்குத்தானே ஒரு காதை மிச்சம் வச்சிருக்கேன்," என்றான் வர்ஜில்.

அவன் கேலி பேசி எத்தனை நாளாயிற்று!

முதல் ஆணிக்கு ஒரு தட்டு. அடுத்ததற்கும் அப்படியே. ஏழாவதில் அவள் கை நழுவியது. மூன்று தட்டு. அவளுக்குக் கோபமே வரவில்லை. ஐந்து மாதம் கழித்து, இது சரியில்லை என்று அவளிடம் அவன் சொல்லிவிட்டான்.

சாயங்காலம், வறுத்த பன்றி இறைச்சியின் கொழுப்பை, போருக்கு வெடிமருந்து செய்யவென்று கறிக்கடையில் கொடுக்க வைத்திருந்த டப்பாவில் வடித்தபடி, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"அன்னிக்கு உன்னைத் திருப்பி அனுப்பினப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, வர்ஜில். உனக்கு வலிக்கும்னு தெரிஞ்சும்."

பிறகு மேசையில் முள்கரண்டியின் காம்பு இரண்டு முறை தட்டியது.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவனுடைய வலப்பக்கம் உட்கார்ந்தாள். அவன் கண்ணைப் பார்த்து அதையே மறுபடி சொன்னாள்.

"இதைச் சொல்ல அஞ்சு மாசமா உனக்கு?"

"பயமா இருந்துச்சு."

அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"வரலன்னு அலாஸ்காவுக்கு எழுதிடறேன். இங்க முட்டுப் பிடிக்கிற வேலை இருக்குன்னு."

"திங்கக்கிழமை இனஸ் வந்துடுவாளே."

"வரட்டும். ஹாங்க்கிட்ட நான் பேசிக்கறேன்."

ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டவன் முகத்தைச் சுளித்தான்.

"பீன்ஸ்ல உப்பே இல்ல, லியோனா."