எடை எழுதாத படிவங்கள்

உலைக்கு அருகே இருக்கும் ஐந்து தெருக்களில் பிறந்த குழந்தைகள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிறந்த குழந்தைகளைவிடச் சராசரியாக நாற்பது கிராம் எடை கூடுதல் என்று கணினி சொன்னது. பழைய பேட்டரிகளை உடைத்து, உருக்கி, ஈயம் எடுக்கிற உலை அது. ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் கருத்துப்போகிற தெருக்கள் அவை. அந்தப் புகையைக் குடித்த தாய்மாருக்குத்தான் கொழுகொழுவென்று பிள்ளை பிறக்கிறதாம்! மூன்று வருடம் நாயாய் அலைந்து, அறுநூறு கர்ப்பிணிகளை மூன்றாம் மாதத்திலிருந்து பின்தொடர்ந்து கண்டுபிடித்த உண்மை இதுதான் என்றால், படித்த படிப்பைத் தூக்கி அதே உலையில் போடலாம்.

சல்லடை நான்காவது முறையாகக் கணக்கை ஓட்டிப் பார்த்தாள். அதே நாற்பது கிராம்.

சல்லடை என்பது ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வைத்த பெயர். எந்த நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது அவள் வேலை. படிவத்தில் ஒரு கட்டம் பிசகியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். முதுகுக்குப் பின்னால் கிளம்பிய பெயர் மெல்ல முகத்துக்கு நேரே வந்து, வீடுவரை போய், அண்ணிகூட அவளை அப்படித்தான் கூப்பிட்டாள். அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

இயக்குநர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"முடிவைப் பாத்தேன்மா. நல்ல சேதிதானே? நாலு மணிக்குள்ள சுருக்கத்தை அனுப்பிடுங்க. நாளைக்குக் காலைல கூட்டம்."

கூட்டம் எதற்கென்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டாவது உலை கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். ஆய்வு 'பாதிப்பில்லை' என்று சொன்னால் மறுநாளே அஸ்திவாரம் தோண்டிவிடுவார்கள்.

"சார், இதுல ஏதோ தப்பு இருக்கு."

"கணக்கிலயா?"

"கணக்கு சரிதான். பதில்தான் தப்பு."

அவர் சிரித்தார். "நமக்குப் பிடிச்ச பதில் வரலைன்னா தப்புன்னு சொல்லிடறதா? நல்லா இருக்கே."

அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து, பின்கட்டிலிருந்த சாமான் அறைக்குப் போனாள். மூன்று வருடமாக அந்தத் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கிய நர்ஸக்கா அங்கேதான் ரத்தக் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அறுநூறு பேரைச் சேத்தோம். கணக்குல ஐநூத்தி முப்பத்தொம்பதுதான் வருது. மீதி அறுபத்தொரு பேர் எங்க?"

நர்ஸக்கா குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டாள். அதன்மேல் 'முழுமையற்றவை' என்று எழுதியிருந்தது. சல்லடையின் கையெழுத்துதான்.

"இவங்க எல்லாரும் வீடு மாறிப் போனவங்கதானே?"

"யார் சொன்னது?"

"எடைக் கட்டம் காலியா இருந்துச்சே..."

"நானா காலியா விட்டேன்?" நர்ஸக்கா லேபிள் சுருளை மேசைமேல் வைத்தாள். "மொதல் வருஷம் நான் சைபர் போட்டேன் டாக்டரம்மா. நீங்கதான் எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டீங்க. 'பொறந்த குழந்தைக்கு எடை எப்படிக்கா சைபரா இருக்கும்? எடை இல்லைன்னா காலியா விடுங்க'ன்னு. அன்னைலேருந்து காலியா விட்டேன். காலியா இருந்தா பெட்டிக்குப் போகணும்னு சொன்னதும் நீங்கதான். போட்டேன்."

நன்றாக ஞாபகம் இருந்தது. கணினி சைபரை ஏற்காமல் முரண்டு பிடித்த நாள். அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்த நாள். சைபர் எதற்காக எழுதப்பட்டது என்று ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லை. கட்டம் ஒழுங்காக இருந்தால் போதும் அவளுக்கு.

இருவரும் தரையில் உட்கார்ந்து படிவங்களைப் பிரித்தார்கள். உலைப் பக்கம் நாற்பத்தேழு, ஆற்றுக்கு அப்பால் பதினான்கு. வீடு மாறிப் போனவர்களை எடுத்து ஒதுக்கினார்கள். அந்தப் பக்கம் மிச்சம் ஒன்பது. இந்தப் பக்கம் முப்பத்தெட்டு.

இரண்டு பக்கமும் முந்நூறு முந்நூறு பேர். ஒரு பக்கம் ஒன்பது கர்ப்பம் கலைந்திருக்கிறது, இன்னொரு பக்கம் முப்பத்தெட்டு. தாக்குப்பிடிக்க முடியாத சிசுக்கள் வயிற்றிலேயே போய்விட்டன. தாக்குப்பிடித்தவை மட்டும் தராசில் ஏறின. அந்த நாற்பது கிராம் அப்படி வந்ததுதான். போனவற்றை எல்லாம் அவளே ஒரு பெட்டியில் போட்டு, மேலே அழகாகப் பெயரும் எழுதி வைத்திருக்கிறாள்.

படிவங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பெயர்ப் பட்டியலும் தாய்மார் கையொப்பமிட்ட சம்மதத் தாள்களும் நர்ஸக்காவிடம் பூட்டி இருந்தன. அவள் அவற்றிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லக் கூடாதுதான். ஆனா மனசு கேக்கலை. நூத்திப் பதினேழு யாருன்னு தெரியுமா?"

சல்லடை அந்தத் தாளை வாங்கிக் கையொப்பத்தைப் பார்த்தாள். வளைத்து வளைத்துப் போட்ட, பள்ளிக்கூடப் பிள்ளையின் கையொப்பம். அண்ணியுடையது. 'ஒரு கையெழுத்துதானே அண்ணி, நம்ம தெருவுக்கே நல்லது' என்று சல்லடையே வற்புறுத்தி வாங்கியது. ஆறாம் மாதம் அண்ணியின் வயிறு வெறுமையானபோது ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கூடவே இருந்து அழுதவளும் இவள்தான். அதற்கடுத்த வாரம் அலுவலகத்துக்கு வந்து, காலிக் கட்டங்களைச் சரிபார்த்து, நூற்றுப் பதினேழை அடித்துவிட்டவளும் இவள்தான். எண்ணைத்தான் பார்த்தாள். ஆளைப் பார்க்கவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் கேட்டார். அந்தப் பொறுமையைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

"எடை எழுதின படிவத்தைத்தான் எடுப்போம்னு விதியை முன்னாடியே எழுதி வெச்சுட்டோம். விடையைப் பாத்துட்டு விதியை மாத்தினா அதுக்குப் பேரு மோசடி. நீங்களே பாடம் எடுக்கறதுதானே?"

"மாத்த வேண்டாம் சார். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுவோம். விதி என் தப்புன்னு நானே ஒத்துக்கறேன்."

"கடைசிப் பக்கத்துல ஒரு அடிக்குறிப்புப் போட்டுக்கலாம். அடுத்த ஆய்வுல விரிவாப் பாப்போம்."

"முப்பத்தெட்டு உசிரு அடிக்குறிப்பா சார்? அடுத்த ஆய்வு வர்றதுக்குள்ள ரெண்டாவது உலை எரியும்."

"உணர்ச்சிவசப்படாதீங்க."

உணர்ச்சிவசப்படாதீங்க! இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எத்தனை காலமாக எதையெதையோ பூசி மெழுகிவிட்டார்கள். அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். நாலு மணிக்குச் சுருக்கம் அவர் கையெழுத்தோடு போனது. அடிக்குறிப்புகூட இல்லாமல்.

அலுவலகம் விட்டதும் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் உலையில் சுமை ஏற்றுகிறவன், இன்னும் திரும்பவில்லை. அண்ணி அவனுடைய வேலைச் சட்டையை வாசல் குழாயடியில் தனியாக ஊறப்போட்டிருந்தாள். வாளித் தண்ணீர் கன்னங்கரேலென்று இருந்தது. சல்லடை நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், பெட்டியை, கட்டத்தை, தான் அடித்துவிட்டதை.

அண்ணி திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"எத்தனை மணிக்குக் கூட்டம்?" என்று மட்டும் கேட்டாள் அண்ணி.

மறுநாள் பள்ளிக்கூட மண்டபத்தில் குழந்தைகளின் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். உலை நிர்வாகி எழுந்து, ஆய்வின் சுருக்கத்தைக் கணீரென்று வாசித்தார். நாற்பது கிராம் வந்த இடத்தில் நிறுத்தி, சபையைப் பார்த்து ஒரு புன்னகையும் பூத்தார். வாய் கூசவில்லை மனுஷனுக்கு.

சல்லடை பெட்டியோடு முன்னால் போனாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். முப்பத்தெட்டு, ஒன்பது, விதியை எழுதியவள் தான் என்பது வரைக்கும்.

மேடையிலிருந்த கூட்டத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா இது குழந்தைகளோட எடையைப் பத்தின ஆய்வு. எடையே இல்லாததை எடைக் கணக்குல எப்படிச் சேக்கறது?"

இரண்டு வருடத்துக்கு முன் அவள் நர்ஸக்காவிடம் போட்ட சத்தம்தான் அது. மரியாதையான குரலில் அவளிடமே திரும்பி வந்தது.

"இருந்துச்சு."

நாலாவது பெஞ்சிலிருந்து அண்ணி எழுந்து நின்றாள். கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"நானூத்தி எண்பது கிராம். ஆஸ்பத்திரித் தராசுல வெச்சாங்க. என்னைப் பாக்கக் கூடாதுன்னாங்க, நான் தலையைத் தூக்கிப் பாத்தேன். யாராவது கேப்பாங்கன்னு ஒரு வருஷமா ஞாபகம் வெச்சிருக்கேன். யாரும் கேக்கலை." நாத்தனாரைப் பார்த்தாள். "எழுதிக்கோ."

சல்லடை பெட்டியிலிருந்து நூற்றுப் பதினேழை எடுத்து மேடை விளிம்பிலேயே வைத்து, எடைக் கட்டத்தில் 480 என்று எழுதினாள். கண்ணீர் கட்டத்தை மறைத்ததால் எண் கோணலாக விழுந்தது. திருத்தவில்லை.

நிர்வாகி ஏதோ சொல்ல எழுந்தார். அதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து இன்னொரு பெண், முகம் தெரியாதவள், எழுந்துவிட்டாள்.

"என்னுதை யாரும் எடை போடலைங்க. ஒரு துணியில சுத்தி எடுத்துட்டுப் போய்ட்டாங்க. நான் என்ன எழுதச் சொல்றது?"

நர்ஸக்கா சுவரோரம் நின்று, தன் பட்டியலைப் பார்க்காமலே, "அறுபத்தி நாலு" என்றாள்.

சல்லடை அந்தப் படிவத்தைத் தேடி எடுத்தாள். எடைக் கட்டத்தில் பழைய சைபர் ஒன்று இருந்தது. அதன்மேல் அவளே சிவப்பு மையில் போட்ட கோடும் இருந்தது. அவள் கோட்டை அடித்துவிட்டு, சைபரை மறுபடி எழுதினாள். பிறகு நிமிர்ந்து, "அடுத்தவங்க சொல்லுங்க" என்றாள்.

பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது.