இரவு மேய்ச்சலுக்கு ஒரு தேதி

"இன்னும் ராத்திரியில குதிரைகள உள்ளதான் அடைக்கிறீங்களா, இகுயோ சான்?"

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் குதிரைக்காரன் தோகாஷி எங்கள் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு இதைக் கேட்டது அந்த வாரத்தில் நாலாவது தடவை. மே மாதம் எட்டாம் தேதி. மலை உச்சியில் இன்னும் பனி வெள்ளையாகத் தெரிந்தது.

"உள்ளதான். ஏன், உங்க தூக்கத்தைக் கெடுக்குதா?"

"அதுக்கில்ல. புல்லு ஒரு சாண் வந்துருச்சு. ராவும் பகலும் வெளியவே விட்டுட்டா உங்க வீட்டுல வேலை பாதியாக் குறையும்."

"உங்க குதிரைங்க எங்க படுக்குது?"

அவன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். "உள்ளதான்."

இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? தன் குதிரைகளை லாயத்துக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு என் குதிரைகளை வெளியே விடச் சொல்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஆற்றோரப் புல்வெளியை விலைக்குக் கேட்டவன் இவன். போன இலையுதிர் காலத்திலும் கேட்டான். இரண்டு தடவையும் முடியாது என்றேன். இரண்டு தடவையும் சிரித்துக்கொண்டே போனான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

என் பயம் அவனுக்குத் தெரியும். பள்ளத்தாக்கு முழுவதற்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்பு காட்டுச் செர்ரி சீக்கிரமே பூத்தது. குளிர் முடிந்தது என்று நான்தான் அவசரப்பட்டு, "போதும், ராத்திரியும் வெளியவே நிக்கட்டும்" என்றேன். அடுத்த மூன்று இரவும் உறைபனி. அப்படிப்பட்ட விடியலில் இளம்புல்லில் சர்க்கரை ஏறிக் கிடக்கும். அதை மேய்ந்த வகாபாவுக்குக் குளம்புக்குள் வீக்கம் கண்டுவிட்டது. முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, நெருப்பில் நிற்பதுபோல் நின்றாள். ஏழு வாரம் நான் அவளுடைய கால்களை ஐஸ் தண்ணீரில் வைத்துக் காப்பாற்றினேன். இன்னொரு தடவை வந்தால் ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இந்த வருஷம் அவள் காலடியில் மூன்று வாரக் குட்டி வேறு. வகாபாவுக்கு வந்தது மற்ற ஐந்துக்கும் வராது என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? அதனால் பகலில் மட்டும் மேய்ச்சல். வகாபாவுக்கு மத்தியானம் ஒரே ஒரு மணி நேரம், நான் பக்கத்தில் நிற்கும்போது. தினமும் காலையில் ஆறு பேருடைய இருபத்துநாலு குளம்புகளையும் தொட்டுச் சூடு பார்ப்பேன். கணுவுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்து நாடி பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு.

விடியலில் லாயத்தைச் சுத்தம் செய்வதும் இரவில் பூட்டுவதும் என் கணவர் மசுவோவின் வேலை. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் முடிய ஆறும் ஒவ்வொன்றாகக் குட்டி போட்டபோது பிரசவக் காவலுக்கு நான்தான் லாயத்தில் கண் விழித்தேன். அதனால் மே பிறந்ததும், "இனிமே நீ அஞ்சரை வரைக்கும் தூங்கும்மா, லாயத்த நான் பாத்துக்கறேன்" என்றார். மகள் பிறந்த நாளிலிருந்து எங்களுக்குள் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுவது. நானும் சரி என்று கட்டையைப் போலத் தூங்கினேன்.

பன்னிரண்டாம் தேதி நிஷினோ லாரியோடு வந்தாள். கீழே தக்காளி போடுகிறவள். எங்கள் லாயத்து லத்தியையும் வைக்கோலையும் வாரா வாரம் எருவுக்கு அள்ளிக்கொண்டு போவாள்.

"என்ன இகுயோ சான், குதிரைகளப் பட்டினி போடறீங்களா?" என்றாள்.

"ஏன்?"

"குப்பைய வந்து பாருங்க. எப்பவும் லாரி நெறஞ்சு வழியும். இன்னிக்குப் பாதிகூட இல்ல. என் தக்காளிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

போய்ப் பார்த்தேன். உண்மைதான். குவியல் என் இடுப்பளவுகூட இல்லை. எனக்கு உடனே மூக்கில் வேர்த்துவிட்டது. தோகாஷி எங்கள் லத்தியைக்கூடத் திருடுகிறானா? அவன் மனைவியும் போன வருஷம் தோட்டம் போட ஆரம்பித்தாள். நான் இதைச் சொன்னதும் நிஷினோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும்.

மறுநாள் காலை ஆற்றோரப் புல்வெளியின் வாசலைத் திறக்கப் போனேன். உள்ளே புது லத்தி கிடந்தது. பூட்ஸ் முனையால் கிளறினேன். உள்ளே இன்னும் ஈரம், லேசான சூடு. எங்கள் குதிரைகள் முந்தின நாள் மாலை நாலு மணிக்கே உள்ளே போய்விட்டவை. அந்தப் பக்கம் புல்லும் புதிதாகக் கடிபட்டிருந்தது.

"அப்பா, ராத்திரி யாரோ நம்ம புல்லுல மேய்க்கிறாங்க" என்றேன்.

மசுவோ மிசோ சூப்பைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். "மானா இருக்கும்" என்றார்.

"மான் போடறது எனக்குத் தெரியாதா? இது குதிரை. ஆத்துக்கு அந்தப் பக்கக் குதிரை."

"விடும்மா."

"எதை விடச் சொல்றீங்க? இன்னிக்குப் புல்லு, நாளைக்கு நிலம்."

 அவர் சூப்பைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்தார்.

பதினைந்தாம் தேதி குதிரைகளைக் காக்கும் தெய்வமான குதிரைத் தலைக் கன்னோன் கல்லுக்கு முன்னால், பள்ளத்தாக்கில் குதிரை வளர்க்கும் ஐந்து வீட்டாரும் கூடினோம். எங்கள் பள்ளத்தாக்கில் இரவு மேய்ச்சலுக்கு எல்லா வீடும் ஒரே நாளில்தான் விடும். ஒரு வீட்டுக் குதிரை இரவில் வெளியே நிற்பது தெரிந்தால் பக்கத்து வீட்டுக் குதிரைகள் லாயத்துக் கதவை உதைத்தே உடைத்துவிடும். கல்லுக்கு சாக்கே மதுவை ஊற்றிக் கும்பிட்டபின் மேல் வீட்டு இஷிமோரி எல்லோருக்கும் கோப்பையில் ஊற்றினார். "பதினெட்டு வெச்சுக்கலாமா?" என்றார்.

"நாளைக்கே விட்டுடலாம்" என்றான் தோகாஷி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவருக்கு என்ன அவசரம்னு கேளுங்க. அவர் குதிரைங்கதான் ஏற்கெனவே ராத்திரி மேயுதே, என் புல்லுல!"

 சொன்னது சொன்னேன், மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். சூடான லத்தி, கடித்த புல், குறைந்த குப்பை, இரண்டு தடவை விலைக்குக் கேட்டது, எல்லாம். வகாபா செத்து நாங்கள் மனம் ஒடிந்து நிலத்தை விட்டுப் போகட்டும் என்றுதானே தினமும் வேலியில் வந்து நிற்கிறாய் என்றும் கேட்டேன்.

தோகாஷியின் முகம் சிவந்தது. எதிர்த்துக் கத்தப் போகிறான் என்று நான் தயாராக நின்றேன். ஆனால் அவன் என்னைப் பார்க்கவில்லை, மசுவோவைப் பார்த்தான். மசுவோ தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தோகாஷி தொப்பியைக் கழற்றினான். "என் குதிரைங்கதான். வேலி தளந்திருந்துச்சு, நான் கவனிக்கல. மன்னிச்சுக்குங்க." இடுப்பை மடக்கி, தலை முழங்காலைத் தொடும் அளவுக்குக் குனிந்தான்.

அதற்குப் பிறகு யார் என்னோடு வாதாடுவார்கள்? "இருபத்தஞ்சு" என்றேன். இருபத்தைந்து என்றே முடிவாயிற்று.

ஜெயித்துவிட்டுத் திரும்பி நடந்தவளுக்கு மனம் ஆறவில்லை. இத்தனை வருஷத்தில் தோகாஷி யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. மேட்டுப் பாதையில் மசுவோ இரண்டு இடத்தில் நின்றார். செர்ரி பார்க்கிறேன் என்றார். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் இந்த மனிதர் நின்று ஒரு பூவைப் பார்த்ததில்லை. இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்று பட்டது. எனக்குத் தெரியாமல் நிலத்தைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாரோ? 

அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலியைப் பார்க்கப் போனேன். ஆற்றோரம் முழுக்க நடந்து ஒவ்வொரு கம்பத்தையும் ஆட்டிப் பார்த்தேன். ஒரு கம்பி தளரவில்லை. ஒரு ஆணி புதிதில்லை, எல்லாம் துரு ஏறியவை. செய்யாத தப்பை ஐந்து வீட்டார் முன்னால் ஒருவன் ஏன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிறான்? யாரைக் காப்பாற்ற?

மறுநாள் நாலு மணிக்கே எழுந்தேன். எங்கள் பக்கம் அந்த மாதத்தில் அந்நேரத்துக்கே நன்றாக விடிந்துவிடும். மசுவோவின் படுக்கை மடித்திருந்தது. லாயத்தில் ஆறு குதிரைகளும் உள்ளேதான் நின்றன. முதல் அறையில் எட்டிப் பார்த்தேன். வைக்கோல் நேற்று மாலை நான் விரித்த மாதிரியே கிடந்தது. ஒரே ஒரு லத்தி. இரண்டாவது அறையிலும் ஒன்று. மூன்று, நான்கு, ஐந்திலும் அப்படியே. ஓர் இரவு முழுக்க உள்ளே நின்ற குதிரை ஆறேழு தடவையாவது போடும். குனிந்து முதல் குதிரையின் காலைத் தொட்டேன். முழங்கால் வரை பனி ஈரம். உதட்டில் பச்சைப் புல் நுனி ஒட்டியிருந்தது.

என் புல்லில் மேய்ந்தது என் குதிரைகள்தான்.

கடைசி அறை வகாபாவுடையது. ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே எட்டு லத்தி. வைக்கோல் மிதிபட்டு நனைந்து கிடந்தது. குட்டி மூலையில் படுத்திருந்தது. வகாபாவின் கால் காய்ந்திருந்தது, நாலு குளம்பும் சில்லென்றிருந்தன. இவளை மட்டும் வெளியே விடவில்லை.

கதவோரம் சாய்த்திருந்த, லத்தி அள்ளும் முள்வாரியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். எனக்குக் கெடுதல் நினைக்கிறவன் முதலில் இவளைத்தானே அவிழ்த்துவிட்டிருப்பான்? ஐந்தை விட்டுவிட்டு, இவளை மட்டும் குட்டியோடு உள்ளே வைத்துப் பூட்டியவனுக்கு இவளுடைய குளம்பைப் பற்றி என் அளவுக்குத் தெரியும். ஏழு வாரம் ஐஸ் வாளியைச் சுமந்து கொடுத்தவனுக்குத் தெரியும்.

லாயத்துக்குப் பின்னால் தள்ளுவண்டி நின்றது. அதற்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு மசுவோ உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு கை சட்டைக்குள் நெஞ்சில் இருந்தது.

"எத்தனை நாளா?" என்றேன்.

"குதிரையா, நெஞ்சா?"

"ரெண்டும் சொல்லுங்க!" கத்திவிட்டேன்.

"குதிரை இந்த மாசம் மூணாந் தேதியில இருந்து. நெஞ்சு பிப்ரவரியில இருந்து." மூச்சு வாங்கினார். "ஆறு அறைய அள்ள முடியல. வண்டிய மூணு தடவ கீழ வெக்க வேண்டியிருக்கு. ராத்திரி வெளிய நின்னா ஒரு அறைதான். தோகாஷி பாத்துட்டான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கெஞ்சினேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ குதிரைகள வித்துடுவ."

"வித்துருப்பேன்தான்!"

"அதான்."

 அழுகை எது, ஆத்திரம் எது என்று எனக்கே தெரியவில்லை.

"பனி விழுந்த ரெண்டு ராத்திரி விடலம்மா" என்றார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை சமாதானம் சொல்வதுபோல. "அந்த ரெண்டு நாளும் ஆறையும் நானே அள்ளினேன். முதல்ல ஒரு மணி நேரம், அப்புறம் ரெண்டுன்னு பழக்கித்தான் விட்டேன். வகாபாவ ஒரு நாளும் விடல."

நான் லாயத்துக்குள் போய் ஐந்து குதிரைகளையும் குட்டிகளையும் அவிழ்த்துப் புல்வெளிக்குக் கொண்டுபோய் விட்டேன். வாசலைச் சாத்திக் கொக்கியை மாட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கம் தோகாஷி தன் வாளிகளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"தேதி இருபத்தஞ்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான்.

அவன் குனிந்ததைவிட ஆழமாகக் குனிந்தேன். நெற்றி வேலிக் கம்பியில் இடித்தது. "இன்னிக்கே வெச்சுட்டேன். இனிமே இங்க யாரும் ஆறு அறை அள்ளப் போறதில்ல. மத்த வீட்டுல நான் போய் மன்னிப்புக் கேட்டுக்கறேன். இப்ப உங்க வண்டிய எடுங்க, தோகாஷி சான். இவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

அவன் வாளிகளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான். வேலிக்கு வந்து நின்ற நாலு தடவையும் அவன் என் நிலத்தைப் பார்க்க வரவில்லை. மூன்று இடத்தில் இறக்கி வைக்கப்படும் ஒரு தள்ளுவண்டியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

"வகாபா அறை இன்னும் அள்ளல" என்றார் மசுவோ, வண்டியில் ஏறும்போது.

"வாய மூடிட்டு உக்காருங்க."

பின் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். குளம்புக்குப் பார்க்கிற அதே இரண்டு விரல். நாடி ஓடியது, நின்றது, அவசரமாக இரண்டு அடித்தது, மறுபடி நின்றது. லத்தி திருடன், நிலம் திருடன் என்று பள்ளத்தாக்கு முழுக்கச் சந்தேகப்பட்டவள் நான். இந்த மனிதரையும் நேற்று சந்தேகப்பட்டேன், அதையும் தப்பாகத்தான் பட்டேன். பிப்ரவரியிலிருந்து தினமும் இருபத்துநாலு குளம்புகளில் நாடி பார்த்த விரல், இந்தக் கையை ஒரு தடவை தொட்டுப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை நான் அந்தக் கையை விடவில்லை.