பிஸ்கட் தின்ற மரம்

ஓடைக்கரையிலிருந்து நான் மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தபோது என் புருஷன் நூர் வாசலில் உட்கார்ந்து பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மரம் போச்சு" என்றேன்.

"எந்த மரம்?"

எந்த மரம் என்று கேட்டான். ஊரைச் சுற்றி இன்னும் காய்த்துக்கொண்டிருந்த குவாண்டாங் பழமரம் அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் காட்டு ஒட்டகங்கள் தின்று தீர்த்துவிட்டன. இலையை மட்டும் தின்றால் மறுபடி தழைக்கும். அவை கிளையை ஒடித்து, பட்டையை உரித்து, குச்சியாக நிறுத்திவிட்டுப் போகும். இந்த ஒரு மரத்தையாவது காப்பாற்ற வேண்டுமென்று பழைய இரும்புக் கட்டில்களையும் ரயில்வே கம்பிகளையும் பொறுக்கி வந்து நானே சுற்றிலும் வேலி கட்டியிருந்தேன். மழையே இல்லாத வருஷங்களில் அடுக்களையில் பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சுமந்துபோய் ஊற்றினேன். மரத்துக்கு மட்டுமல்ல, பக்கத்திலிருந்த முள்புதர்களுக்கும். குவாண்டாங் அடுத்த செடிகளின் வேரில் வாய் வைத்து உறிஞ்சி வாழ்கிற மரம். புதர் செத்தால் இதுவும் சாகும்.

இந்த வருஷம்தான் கிளை தெரியாமல் காய்த்திருந்தது. பாதி சிவந்துவிட்டது. என் அக்கா மேவிஸ் போர்ட் அகஸ்டா நகரத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். பழம் சிவந்ததும் நான் போன் செய்வேன், அவள் வருவாள், இரண்டு பேரும் சேர்ந்து பறிப்போம். பறிக்கும்போது சண்டை போடுவோம். அம்மாவின் சமாதிக் கல்லில் தொடங்கி என் சமையல் வரைக்கும் எதையும் விடமாட்டோம். புளிப்பில் பல் கூசக் கூசத் தின்றுகொண்டே சண்டை போடுவோம். வருஷத்தில் எனக்கென்று இருக்கிற நாள் அது ஒன்றுதான். சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தேன்.

"ஓடைக்கரை மரந்தான். ஒரு பழம் மிச்சமில்ல. அடிமரமே பொளந்து கெடக்கு" என்றேன்.

நூர் பூட்ஸைக் கீழே வைத்தான். "காட்டு ஒட்டகமா இருக்கும் வெர்னா. வடக்கால ஒரு கூட்டம் திரியுதுன்னு உன் தம்பி டார்சி சொன்னான்ல? பாவி மிருகங்க."

நான் நம்பினேன். மேவிஸுக்குப் போன் செய்து, உலகத்திலுள்ள ஒட்டகம் எல்லாவற்றையும் வாயில் வந்தபடி திட்டினேன். அவளும் திட்டினாள். நூர் எனக்கு டீ போட்டுத் தந்தான். கேட்காமலே போட்டுத் தந்தான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால், தொழுவத்தில், பிஸ்கட் அசை போட்டுக்கொண்டு நின்றது.

பிஸ்கட் எங்கள் ஒட்டகம். காட்டு ஒட்டகங்களைக் குறைக்க ஹெலிகாப்டரிலிருந்து சுடுகிறவர்கள் அதன் தாயைச் சுட்டுவிட்டுப் போன பிறகு, செத்த உடம்பை மோந்துகொண்டு நின்ற குட்டியை நூர் வண்டியின் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்தான். பால் பவுடரைக் கரைத்து நான்தான் புட்டியில் ஊட்டினேன். துணி துவைக்கிற அறையில் படுத்துக்கிடக்கும். வளர்ந்த பிறகும் என் தலைத்துணியைப் பிடுங்கி விளையாடும். போன வருஷம் மேவிஸ் காரில் கொண்டுவந்த பூச்செடிகளைத் தொட்டியோடு தின்றபோது, கட்டியே வைக்கிறேன் என்று நூர் சத்தியம் செய்தான்.

மறுநாள் காலை வேலைக்குப் போனேன். பெட்ரோல் பங்க்கை ஒட்டிய சாப்பாட்டுக் கடையில் நான் சமையல். கேரவனில் ஊர் சுற்றுகிற மெல்போர்ன் தம்பதி, ஒரே மாதிரித் தொப்பி போட்டவர்கள், முட்டையும் ரொட்டியும் கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். தட்டை வைக்கும்போது அந்த அம்மாள் என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தாள்.

"வெர்னாவா? நூரோட வீட்டுக்காரம்மாவா நீங்க? அடடா, எவ்ளோ நல்ல மனுஷர்! இருங்க, ஒண்ணு காட்டுறேன்."

போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

படத்தில் நூர் நின்றான். தலையில் அவன் கொள்ளுத்தாத்தாவின் வெள்ளைத் தலைப்பாகை. கல்யாணத்துக்குக்கூட அதைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் பிஸ்கட். பின்னால் என் வேலி, கம்பி பிரித்து அகலத் திறந்து கிடந்தது. பிஸ்கட்டின் மூக்கணாங்கயிறு குவாண்டாங் மரத்தில் கட்டியிருந்தது. அதன் வாயோரம் ஒரு கொப்பு தொங்கியது, சிவப்புப் பழங்களோடு.

"மரத்துல கட்டினாரா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா. பழத்தோட சேத்து எடுத்தா அழகா இருக்கும்னு நாங்கதான் கேட்டோம். அப்புறம் எங்க கேரவனுக்கு டீ குடிக்க வந்தாரு. அவங்க பரம்பரைக் கதையெல்லாம் சொன்னாரு பாருங்க, நேரம் போனதே தெரியல."

"அதுவரைக்கும் ஒட்டகம்?"

"அங்கதான் நின்னுச்சு. சமத்தா நின்னுச்சு."

அவள் கணவன் சிரித்தான். "நல்ல பசி போல அதுக்கு!"

நான் அடுக்களைக்குள் போனேன். கல்லில் முட்டை தீய்ந்துகொண்டிருந்தது. முதலாளி கத்தினார். "வெர்னா, முட்டை!"

"நீங்களே பொரிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு ஏப்ரனோடு தெருவில் இறங்கினேன்.

நூர் தொழுவத்தில் பிஸ்கட்டுக்கு முடி சீவிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் பிரஷ்ஷைப் பின்னால் மறைத்தான், ஏதோ அதுதான் குற்றம் என்பதைப் போல.

"டார்சி சொன்ன கூட்டம் இதானா?" என்றேன். "ஒத்தைக் கூட்டமா?"

"வெர்னா, நான் சொல்றத..."

"மரத்துலயே கட்டினியாடா? வேற எடமே கெடைக்கலையா? வேலிக்கு வெளிய அத்தனை கம்பம் இருக்கு. மரத்துல!"

"ஒரு போட்டோவுக்குத்தான் கட்டினேன். அவங்க கூப்பிட்டாங்க. மறந்துட்டேன்."

"மறந்துட்ட. சரி. பொய் சொன்னியே, அதுவும் மறதியா?"

பிஸ்கட் கழுத்தை நீட்டி என் ஏப்ரனை மோந்தது. அதன் மூச்சில் அந்தப் புளிப்பு வாசம் இருந்ததாக எனக்குத் தோன்றியது. கோபத்தில் தோன்றியிருக்கலாம். அதன் மூக்கைத் தள்ளிவிட்டேன்.

"அது என்ன பண்ணும்? வாயில்லா ஜீவன். மேல கை வைக்காத" என்றான்.

"இதுக்கு வாய் இல்லையா? நல்லாச் சொன்ன. இதுக்கு வாய் மட்டுந்தான் இருக்கு."

"எங்க தாத்தா காலத்துலேருந்து ஒட்டகம் எங்க வீட்டுல..."

"சொல்லு. அந்தக் கதையையும் சொல்லு. அவங்களுக்குச் சொன்னேல்ல, எனக்கும் சொல்லு."

அந்தக் கதையை ஊரே மனப்பாடமாகச் சொல்லும். அவன் கொள்ளுத்தாத்தா பெஷாவர் பக்கத்திலிருந்து ஒட்டகங்களோடு கப்பலில் வந்தவர். ரயில் இல்லாத இடத்துக்கெல்லாம் மாவும் கம்பளியும் சுமந்தவர்கள் அவர்கள்தான். லாரி வந்ததும், இனி ஒட்டகம் வேண்டாம், சுட்டுத் தள்ளுங்கள் என்று அரசாங்கம் சொன்னது. பெரியவர் அழுதுகொண்டே எல்லாவற்றையும் பாலைவனத்தில் அவிழ்த்துவிட்டுத் திரும்பி வந்தார். நூர் இதைச் சொல்லும்போதெல்லாம் கண் கலங்குவான். நானும் பல தடவை கலங்கியிருக்கிறேன்.

"சுடுறதுக்கு அவருக்கு மனசு வரல" என்றான் நூர்.

"வரல. மனசு அவரோடது, அதனால அவுத்து விட்டாரு. அது போய்த் தின்னது யாரோட மரத்த? உங்க பெஷாவர் மரத்தையா? எங்க ஊத்துத் தண்ணியக் கலக்கிச்சு, எங்க மரத்தத் தின்னுச்சு. கப்பல்ல கொண்டாந்தவனையும் யாரும் கேக்கல, வேண்டான்னு சொன்ன அரசாங்கத்தையும் கேக்கல. அழுதவருக்குக் கதை இருக்கு. எங்களுக்கு என்ன இருந்துச்சு? ஒத்தை மரம். அதையும் நீ கட்டிவெச்சு ஊட்டியிருக்க."

"எங்க பாட்டியும் உங்க பூர்வகுடி ஆளுதான் வெர்னா. அவளும் அந்த ஓடையிலதான் பறிச்சா."

"அப்ப உனக்கு இன்னும் அசிங்கமா இருக்கணும்."

அவன் உட்கார்ந்துவிட்டான். நான் நிறுத்தவில்லை. இருபது வருஷமாக எனக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. கடைசியில் சொன்னேன்.

"நாளைக்கு மாட்டுப் பட்டியில டார்சி கறிக்கு ஒட்டகம் ஏத்துறான். பிஸ்கட்டையும் கொண்டுபோய் விடு."

நூர் நிமிர்ந்து பார்த்தான். அந்த லாரி எங்கே போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"அது நாம வளத்தது."

"தெரியும். நாந்தான் பால் குடுத்தேன்."

"சங்கிலி வாங்குறேன். வேலி ஒசத்துறேன். வெர்னா, என்னைத் திட்டு, அடி, இத மட்டும் கேக்காத."

"சங்கிலி இருந்தாலும் நீ அவுத்துவிடுவ. அதோட குத்தம் இல்ல, உன் குத்தந்தான். ஆனா உன்னை ஏத்துற லாரி இல்ல."

அன்று முழுக்க அவன் தொழுவத்தில்தான் இருந்தான். சாப்பிட வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை அவன் பிஸ்கட்டை நடத்திக்கொண்டு பட்டிக்குப் போனான். நான் பின்னாலேயே போனேன். அவன் வழியில் மனம் மாறி ஓடைப் பக்கம் அவிழ்த்துவிட்டுவிடுவான் என்று எனக்குச் சந்தேகம். அவன் வம்சத்துக்கே அது பழக்கம்.

பட்டியில் காட்டு ஒட்டகங்கள் கத்திக்கொண்டு முட்டி மோதின. டார்சி என் சித்தி மகன். லாரியின் சரிவுப் பலகையருகே தடியோடு நின்றவன், பிஸ்கட்டைப் பார்த்ததும் தடியைக் கீழே போட்டான்.

"அக்கா, இது உங்க வீட்டுதாச்சே!"

"ஏத்து" என்றேன்.

பிஸ்கட் ஏறவில்லை. டார்சி இழுத்தான், ஆட்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு அலறியது. கயிற்றை நூர் வாங்கினான். முன்னால் போய்ப் பலகையில் ஏறினான். அவன் ஏறியதும் அது சத்தத்தை நிறுத்தியது. கோழிக்குஞ்சு மாதிரி அவன் பின்னாலேயே லாரிக்குள் போனது. உள்ளே அவன் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்தபோது கையில் மூக்கணாங்கயிறு மட்டும் இருந்தது.

டார்சி என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னான். "அக்கா, இப்ப சொன்னாக்கூட எறக்கிடுவேன்."

அப்போதும் எனக்கு நூர் மேல்தான் கோபம் வந்தது. ஒரு மரத்தை என்னிடமிருந்து பிடுங்கினான். இப்போது இதையும் செய்கிறவளாக என்னை ஆக்கிவிட்டான்.

"வேண்டாம்" என்றேன். லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

போனில் மேவிஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள். "அடியே, அப்படியே உன் புருஷனையும் சேத்து ஏத்தியிருக்க வேண்டியதுதான? எடை கூடக் கெடச்சிருக்கும்."

சனிக்கிழமை பழம் இல்லாமலே வந்தாள். இரண்டு பேரும் ஓடைக்குப் போனோம். நூர் அங்கே தொழுவத்துக் கம்பங்களைப் பிடுங்கிக் கொண்டுவந்து மரத்தைச் சுற்றி நட்டுக்கொண்டிருந்தான். பிளந்த அடிமரத்தை ஈரத்துணியால் சுற்றிக் கட்டியிருந்தான். மேவிஸ் பஸ் ஓட்டுகிறவள், அவளுக்குத் தெரியாத வசவு கிடையாது. அவள் திட்டி முடிக்கும்வரை அவன் கையில் சுத்தியலோடு நின்று கேட்டுக்கொண்டான். அப்புறம் அடுத்த கம்பத்தை எடுத்தான். கம்பி ஒரு பக்கம் தளர்ந்து தொங்கியது. நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வசந்தம் வந்து போய்விட்டது. மரம் சாகவில்லை, ஒரு பக்கம் மட்டும் தழைத்திருக்கிறது, காய்க்கவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரை இப்போது நூர் சுமக்கிறான். தலைப்பாகை பெட்டிக்குள் இருக்கிறது. நாங்கள் பேசிக்கொள்கிறோம், ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம். ஒருநாள் சூப் ஊற்றும்போது கேட்டான்.

"இன்னும் கோவமா?"

"ஆமா."

தலையை ஆட்டிவிட்டுக் குடித்தான்.

போன வாரம் கேரவனில் வந்த இன்னொரு ஜோடி கடையில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் குவாண்டாங் ஜாம் நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டோமே, கிடைக்குமா என்று கேட்டார்கள்.

"இல்ல. ஆப்பிள் ஜாம் இருக்கு."

"ஏன்? சீசன் இல்லையா?"

"ஒட்டகம் தின்னுடுச்சு" என்றேன்.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த ஆள் மேஜையைத் தட்டிச் சிரித்தான். நான் ஆப்பிள் ஜாமை அவர்கள் நடுவில் வைத்துவிட்டு, சிரித்து முடிக்கும்வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் சிரிப்பு நின்றது.