நாற்காலியில் உட்கார்ந்த சட்டை

பம்பாயில் குளிரே கிடையாது என்று சொல்லித்தான் கனகவள்ளியைக் கட்டிக்கொடுத்தார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூடப் பம்பாயைக் கண்ணால் பார்த்ததில்லை. உடன்குடிப் பக்கத்தில் மார்கழி என்றால் விடியற்காலையில் கொஞ்சம் சிலுசிலுப்பு, வெயில் ஏறினால் அதுவும் ஓடிப்போகும். அவளுக்குத் தெரிந்த குளிர் அவ்வளவுதான். 1961 டிசம்பரில் செம்பூருக்கு வந்து, முதல் நாள் காலையில் குழாயடியில் குடத்தை வைத்தவளுக்கு, விரல் தன் விரல்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காலையில் வரும் பனிதான் அவளுக்கு ஆகவில்லை. ஆலைப் புகையும் அதில் கலந்து, அழுக்குத் தண்ணீர் நிறத்தில், மண்ணெண்ணெய் வாடையோடு சந்துக்குள் வந்து நிற்கும். ஆள் தெரியுமுன் இருமல் கேட்கும். டிராம்பே பக்கம் எண்ணெய் ஆலைக் குழாயின் உச்சியில் ஒரு நெருப்பு ராப்பகலாக எரிந்துகொண்டிருக்கும். "அத யாரும் அணைக்க மாட்டாங்களா?" என்று புருஷனைக் கேட்டாள். "அணைஞ்சாத்தாம்ளா ஆபத்து" என்றான் தங்கசாமி. இது என்ன ஊரோ என்று இருந்தது அவளுக்கு.

தங்கசாமிக்கு ஸ்டேஷன் பக்கத்தில் சின்ன மளிகைக்கடை. கல்யாணமாகி மூன்று மாதம், அவள் ரயிலேறி வந்து மூன்று வாரம். நல்லவன். கோபம் வந்தால் பேசாமல் இருப்பானே தவிர, கை நீட்டமாட்டான். வந்த மறுவாரமே அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிவந்தான். சேலைக்கு மேல் அதைப் போட்டால் கோமாளி மாதிரி இருக்கும் என்று இரண்டு நாள் அழிச்சாட்டியம் பண்ணிவிட்டு, மூன்றாம் நாள் போட்டுக்கொண்டே தூங்கினாள். இவ்வளவு சீக்கிரத்தில் ஒரு மனுஷன் மேல் இப்படிப் பிரியம் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. அவன் கடையிலிருந்து வர அரை மணி தாமதமானால் சந்து முனைவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அவர்கள் இருந்தது ஒரு சாலில். வரிசையாகப் பதினாறு அறைகள், முன்னால் பொது வராந்தா, பின்னால் துணி காயப்போடும் முற்றம். பதினான்கு அறைகளில் கோவாக்காரக் கிறிஸ்தவர்கள். தமிழ் பேசுவது இரண்டே வீடு. இவர்களும், பக்கத்து அறை மாசானமும். மாசானம் சோடா போட்டு விற்கிறவர், பம்பாய்க்கு வந்து இருபது வருஷம். குளிர்காலத்தில் சோடா யார் குடிப்பார்? மத்தியானமே கடையை மூடிவிட்டு வந்து, வராந்தாக் கட்டிலில் தலையோடு கால் போர்த்திக்கொண்டு கிடப்பார். அவர் மனைவி சீனியம்மாள்தான் கனகவள்ளிக்குக் குழாயடி முறை, ரேஷன், இந்தி எல்லாம் சொல்லிக்கொடுத்தவள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, சாலின் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கனகவள்ளியின் வாசலுக்கு வந்தார்கள். இந்தியில் என்னவோ கேட்டார்கள். ஒருத்தி தன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். பாவம், பண்டிகைக்கு உடுப்பு இல்லை போலிருக்கிறது, இந்தக் குளிரில் மேலுக்கு என்ன செய்யும் என்று இவளுக்கு மனசு இளகிவிட்டது. தண்ணீரில் கை வைக்கச் சோம்பல்பட்டு மூலையில் போட்டிருந்த அழுக்குத் துணியிலிருந்து, தங்கசாமியின் பழைய பச்சைக்கட்டம் போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்தாள். கடையில் போடுகிற சட்டை. பெருங்காயமும் வெல்லமும் வேர்வையும் சேர்ந்து அவன் வாடையே அடிக்கும். துவைக்காமல் கொடுக்கிறோமே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை தண்ணீருக்குப் போனாள். சந்து முனையில், பனிக்குள், நாற்காலி போட்டு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கால்மேல் கால். முகம் தெரியவில்லை. பச்சைக்கட்டம் மட்டும் தெரிந்தது.

"நீங்க எப்ப வெளிய வந்திய?" என்று கேட்டுக்கொண்டே கிட்டப் போனவள் குடத்தைக் கீழே போட்டாள். தலையணை உறையில் வைக்கோல் அடைத்த தலை. கரியால் இரண்டு கண், வாயில் ஒரு பீடி, மேலே கிழிந்த தொப்பி. கழுத்துக்குக் கீழே முழுக்க முழுக்க அவள் புருஷன். கிட்டப் போனால் பெருங்காய வாடையும் வந்தது.

குடம் விழுந்த சத்தத்துக்கு வந்த மாசானம் சிரித்தார். "பயந்துட்டியா தாயி? இது இவனுவ வெளையாட்டு. பழைய வருசத்தக் கெழவனா ஒக்கார வச்சிருக்கானுவ. முப்பத்தொண்ணாந்தேதி ராத்திரி பன்னெண்டு மணிக்கு எரிச்சுப்போட்டு ஆட்டம் போடுவானுவ. வருசாவருசம் உள்ளதுதான்."

எரிப்பார்கள் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் அவள் காதில் விழவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டான் என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். இவளுக்கு அது வேடிக்கை இல்லை. துவைக்காத உடுப்பில் பொம்மை கட்டிக் கொளுத்தினால் உடுப்புக்காரன் என்ன ஆவான் என்பது அவள் தெருவில் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவள் பதினோரு வயதில், தெருக்கோடிக் கொல்லன் அப்படித்தான் போனான்.

அன்றைக்கே வாயைத் திறந்து, "அண்ணாச்சி, அது இவிய சட்டை" என்று சொல்லியிருந்தால், மாசானம் ஓர் அதட்டலில் கழற்றி வாங்கிவந்திருப்பார். அரை நிமிஷ வேலை. ஆனால் எந்தப் பெண்டாட்டியால் அதைச் சொல்ல முடியும்? என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் பலித்துவிடும் என்ற பயம் வேறு. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டாள்.

மறுநாள் தங்கசாமி கடையிலிருந்து பாதியில் திரும்பி வந்தான். உடம்பு அனலாகக் கொதித்தது.

மாசானம்தான் அவனை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். ஊசி போட்டார்கள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, குளிர் ஆகாது என்றார்கள். மாசானம் ராத்திரி பகலாகப் பக்கத்திலிருந்து, எழுப்பி உட்காரவைத்து, சளி துப்ப ஏனம் பிடித்தார். சீனியம்மாள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். காய்ச்சல் இறங்கவில்லை. இருபத்தொன்பதாம் தேதி அவன் கண்ணைத் திறக்காமல் முனகினான்: "உடம்புக்குள்ள வைக்கலு கெணக்கா குத்துதுளா."

காய்ச்சல்காரன் ஆயிரம் பேசுவான். கனகவள்ளி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்தாள். சந்து முனையில் அது இவர்கள் வாசலைப் பார்த்துக் கால்மேல் கால் போட்டுக்கொண்டிருந்தது. நேற்றுக்கு இன்று ஒரு பக்கம் சரிந்திருந்தது. திரும்பிப் பார்த்தாள், தங்கசாமியின் தலையும் அதே பக்கம்தான் சரிந்திருந்தது.

முப்பதாம் தேதி ராத்திரி டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, நாளைக்கும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரிதான் என்றார். நாளை என்பது முப்பத்தொன்று. அவளுக்கு ஆஸ்பத்திரி பெரிதாகப்படவில்லை. பன்னிரண்டு மணிதான் பெரிதாகப்பட்டது.

முப்பத்தொன்று ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலுக்குப் போய்வந்து, சாப்பிட்டு, மத்தியானம் மூன்று மணிக்குச் சந்து முழுக்கத் தூங்கியது. பிள்ளைகள்கூட ராத்திரி விழிக்க வேண்டுமே என்று படுக்கவைக்கப்பட்டிருந்தார்கள். கனகவள்ளி ஒரு சாக்கை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். சட்டையைக் கழற்றிவிட்டுச் சாக்கைச் சுற்றிவிடலாம் என்பது யோசனை.

பொத்தான்களைக் கழற்றினாள். உள்ளே வைக்கோல் சூடாக இருந்தது. வெயிலில் இருந்தது, சூடாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சூடு அவளுக்கு நன்றாகத் தெரிந்த சூடு. ஐந்து நாளாக அவன் நெற்றியில் தொட்டுத் தொட்டுப் பார்த்த சூடு. சட்டையை உருவி மார்போடு அணைத்துக்கொண்டாள். சாக்கை விரித்தாள்.

அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. இது கேட்டு உட்கார்ந்திருப்பது ஓர் ஆம்பிளையை. சாக்கைச் சுற்றி இதை ஏமாற்ற முடியுமா? வெறுங்கையாக விட்டால், இது பழைய ஆளையே தேடிக்கொண்டு வராதா?

விறுவிறுவென்று பின்முற்றத்துக்குப் போனாள். கொடியில் ஒரு சிறு பிள்ளையின் கவுன், இரண்டு பாவாடை, ஒரே ஓர் ஆம்பிளைச் சட்டை. வெள்ளைச் சட்டை, துவைத்தும் கழுத்தில் வேர்வைக் கறை போகாதது, மூன்றாவது பொத்தானைச் சீனியம்மாள் கறுப்பு நூலில் தைத்திருந்தாள். வெள்ளை நூல் தீர்ந்துபோச்சு என்று இவளிடம்தான் சொன்னாள். யார் சட்டை என்பதில் கனகவள்ளிக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. இதை நான் ஒளித்துச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தாள்.

திரும்பும்போது வராந்தாக் கட்டிலைக் கடந்துதான் போகவேண்டும். மாசானம் வழக்கம்போல் தலையோடு கால் போர்த்திக்கொண்டு அசையாமல் கிடந்தார். நுனிக்காலில் கடந்தாள். வெள்ளைச் சட்டையைப் பொம்மைக்கு மாட்டி, கறுப்பு நூல் பொத்தானையும் போட்டு, யார் கண்ணிலும் படாமலிருக்கச் சாக்கை அதன்மேல் போர்த்திவிட்டு வந்தாள்.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சங்கை ஊதின. ரயில் எஞ்சின்களும் சேர்ந்துகொண்டன. புதுவருஷம் பிறந்தால் பம்பாயில் அப்படித்தான் ஊதுவார்கள். அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஊரெல்லாம் ஒரு சாவுக்கு அழுகிறது என்றே நினைத்தாள். மூடிய ஜன்னலின் இடுக்கில் சிவப்பு வெளிச்சம் ஏறி ஆடியது, பிள்ளைகள் கூத்தாடினார்கள். கனகவள்ளி புருஷனின் கால்மாட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளிச்சம் அடங்கியபோது தங்கசாமிக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. விடியும்போது, "பசிக்குதுளா" என்றான்.

மாசானம் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தலைக்கு வந்தது தலைப்பாவோட போச்சு" என்று சொல்லிச் சிரித்தார். கனகவள்ளி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சீனியம்மாள் இரண்டு நாள் கொடியிலும் மூலையிலும் வெள்ளைச் சட்டையைத் தேடிவிட்டு, காக்காய் கொண்டுபோயிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு கனகவள்ளிக்கு வேலை ஒன்றே ஒன்றுதான்: மாசானத்தைப் பார்ப்பது. அவர் எத்தனை இட்லி சாப்பிடுகிறார், படியேறினால் மூச்சு வாங்குகிறதா, முகம் வாடியிருக்கிறதா. ஒரு தும்மல் கேட்டால் இவள் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். தை மாசக் கடைசியில் எட்டுக் கிரகம் ஒன்றுசேர்ந்து உலகமே அழியப்போகிறது என்று அந்த நாளில் ஊரெல்லாம் பேச்சு. அப்படியே அழிந்து தொலைந்தால் தேவலை என்றுகூட நினைத்தாள். ஒரு வாரம் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று அவள் மூச்சுவிடத் தொடங்கிய எட்டாம் நாள் மாசானம் படுத்தார். அதே காய்ச்சல், அதே நெஞ்சுச் சளி.

இப்போது தங்கசாமி ஏனம் பிடித்தான். இவள் கஞ்சி வைத்தாள். ஊசிக்கு அசையாத காய்ச்சல் நாலு நாளில் அந்தப் பெரிய உடம்பை உருக்கி எடுத்துவிட்டது. போகிக்கு முதல் நாள் சாயங்காலம், சீனியம்மாள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். கனகவள்ளி மட்டும் பக்கத்தில் இருந்தாள். மாசானம் கண்ணைத் திறந்தார்.

"அன்னைக்குப் போர்வைக்குள்ள இருந்து பாத்துக்கிட்டுத்தாம்மா கெடந்தேன்" என்றார்.

அவள் கையிலிருந்த கரண்டி கஞ்சிக்குள் விழுந்தது.

"எனக்குச் சிரிப்பாணியாத்தான் இருந்துச்சு. சின்னப்புள்ள பயந்து கெடக்கு, போவட்டும், சட்டதானேன்னு விட்டுட்டேன். சீனிகிட்டகூடச் சொல்லல." மூச்சு வாங்கிக்கொண்டார். "இப்பம் சிரிப்பு வரமாட்டேங்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எஞ்சட்டைன்னு தெரிஞ்சா எடுத்த?"

இருபது வருஷம் பம்பாயில் இருந்தவர், எல்லாம் விளையாட்டு என்று சொன்னவர், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் அப்படி ஒரு பயம்.

"இல்ல அண்ணாச்சி. யாரு சட்டைன்னு எனக்குத் தெரியாது. கையில கெடச்சத எடுத்தேன்."

மாசானம் தலையைத் தலையணையில் சாய்த்தார். பிறகு முகம் தெளிந்தது. "அப்பம் சரி. தெரியாமச் செஞ்சது ஒட்டாதும்பாவ" என்றார். கனகவள்ளி கொடுத்த கஞ்சியை, மூன்று நாளில் முதல் தடவையாக, முழுதும் குடித்தார். தண்ணீரோடு வந்த சீனியம்மாள் காலிக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்கையால குடுத்தாத்தான் எறங்குது அவுகளுக்கு. நீ நல்லா இருப்ப."

பொங்கலன்று விடியற்காலை பனிக்குள் சீனியம்மாளின் குரல் கேட்டது. கனகவள்ளி என்னவென்று கேட்கவில்லை.

நிமோனியா என்றார் டாக்டர். நோயாளிக்குப் பக்கத்திலேயே இருந்ததால் தொற்றியது என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தெரியாமல் செய்திருந்தால் ஒட்டியிருக்காது என்பது அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தூக்குகிற நாலு பேரில் ஓர் ஆள் குறைந்தது. கோவாக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். அவரை விலக்கிவிட்டு, "எனக்காக ராப்பகலா முழிச்ச மனுசன், நாந்தான் தூக்கணும்" என்று தங்கசாமி போய்த் தோள் கொடுத்தான். காய்ச்சலில் இளைத்திருந்தாலும் அந்தத் தோள் நன்றாகவே தாங்கியது. கனகவள்ளி அதை மட்டும் பார்த்துக்கொண்டு வராந்தாவில் நின்றாள்.