கிடைத்துவிட்டாள் என்று யாரும் எழுதவில்லை

என் வீட்டுக்காரர் குழந்தை கடத்துகிறவர் என்கிற செய்தி எனக்கு ஆபீஸ் மெயிலில் வந்தது. அனுப்பியவள் எங்கள் கணக்குப் பிரிவுப் பெண். அவள் இவரைப் பார்த்ததே இல்லை. "அவசரம்! பிள்ளை பெற்றவர்கள் அனைவரும் பார்க்கவும்" என்று தலைப்பு. திறந்தால் ஒரு போட்டோ. அதில் நாலு வயதுப் பெண்குழந்தை ஒன்று கையில் சாவிக்கொத்தோடு நிற்கிறது. அதன் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு அசட்டுச் சிரிப்போடு இவர் நிற்கிறார். எங்கள் கல்யாண ஆல்பம் முழுக்க இருப்பதும் இதே சிரிப்புதான்.

கீழே இப்படி எழுதியிருந்தது: "நேற்று மாலை இந்தக் குழந்தையை இந்த ஆள் கடத்திச் சென்றுவிட்டான். போலீசார் உறுதி செய்துள்ளனர். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள். அனுப்பாதவர்களுக்கு மனசாட்சி இல்லை."

நேற்று மாலை அந்த ஆள் ஒழுகுகிற குழாயைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று எங்கள் சமையலறையைக் குளமாக்கிக்கொண்டிருந்தார்.

நான் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கிறேன். மெயில் பார்ப்பதுதான் என் பாதி வேலை. இந்த ஜாதி மெயில்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். "நேற்று" என்பார்கள், தேதி இருக்காது. அதனால் என்றைக்குப் படித்தாலும் அது நேற்றுதான். போலீஸ் என்பார்கள், எந்த ஸ்டேஷன் என்று இருக்காது. குழந்தையைக் காணோம் என்பார்கள், கண்டால் கூப்பிட ஒரு போன் நம்பர் இருக்காது. ஆனால் எல்லோருக்கும் அனுப்பு என்பது மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். எங்களிடம் எல்லாக் கண் நோய்க்கும் மருந்து உண்டு, பார்க்காமல் அனுப்புகிற நோய்க்குத்தான் இல்லை.

கணக்குப் பிரிவுக்குப் போய், அந்த ஆள் என் புருஷன் என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. உண்மையாக இருந்தால் நாலு பேருக்கு உதவட்டுமே என்று அனுப்பினாளாம். பொய்யாக இருந்தால் எத்தனை பேருக்கு உபத்திரவம் என்று கேட்டேன். என் குரல் வாசல்வரை கேட்டிருக்கும்.

நான் திரும்பி வருவதற்குள் இவரிடமிருந்து போன். இவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதுமே தலைமை ஆசிரியை உள்ளே கூப்பிட்டு, வேன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாராம். பெற்றோர்கள் வரிசையாகப் போன் செய்கிறார்களாம். திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம், அதற்குள் அந்தக் குழந்தை யார் என்று காட்டினால் சாவி திரும்ப வரும், இல்லையென்றால் வேறு ஆள் பார்ப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார். இவர் அதைச் சொன்ன விதம், யாருக்கோ நடந்த மாதிரி இருந்தது. எனக்கு அதுதான் பயமாகிவிட்டது.

குழந்தை யார் என்று எங்களுக்கே தெரியாது. சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பெரிய கடையில் தனியாக அழுதுகொண்டிருந்தது. அழுகையை நிறுத்த இவர் சாவிக்கொத்தைக் கொடுத்தார். கடைக் காவலாளியை விட்டுப் போட்டோ எடுக்கச் சொல்லி, தன் தங்கைக்கு அனுப்பினார். என் நாத்தனார் வேலை பார்ப்பது அந்தக் கடைக்கு எதிரே இருக்கிற பெரிய ஆபீஸ். யாராவது அடையாளம் சொல்லட்டும் என்று அவள் அதை ஆபீஸ் முழுக்க அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் அம்மா காய்கறிப் பக்கமிருந்து தலைதெறிக்க ஓடி வந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அழுதுகொண்டே போய்விட்டாள். பேர் கேட்க யாருக்குத் தோன்றும்?

மெயில் வந்த அன்று மாலையே நாத்தனார் வீட்டில் போய் உட்கார்ந்தேன்.

"கிடைச்சிட்டாள்னு எழுதினியா?"

"அண்ணன் போன்ல சொன்னதுமே பக்கத்துல இருந்தவங்ககிட்ட எல்லாம் சொன்னேன் அண்ணி."

"எழுதினியான்னு கேட்டேன்."

அவள் எழுதவில்லை. காணோம் என்பது மெயிலில் போயிருக்கிறது, கிடைத்தது வாயோடு நின்றிருக்கிறது. அவளைத் திட்டித் தீர்க்கலாம் என்றுதான் போனேன். அழுதுவிட்டாள். சரி, அழுதது போதும், கம்ப்யூட்டரைத் திற என்றேன்.

இருவருமாக, தெரிந்தவர்களிடமெல்லாம் அவரவருக்கு வந்த மெயிலை அப்படியே அனுப்பச் சொன்னோம். வந்ததையெல்லாம் பழசிலிருந்து புதுசு வரை வரிசைப்படுத்திப் படித்தோம். முதலில் நாத்தனார் எழுதியது: "இந்தக் குழந்தையை யாருக்காவது தெரியுமா?" அடுத்து ஒருவர், "பாவம், இன்னும் கிடைக்கவில்லை போலிருக்கிறது" என்று சேர்த்திருந்தார். அடுத்தவர், "கூட இருக்கும் ஆள் யார்?" இன்னொருவர், "இந்த ஆள் மேல் சந்தேகமாக இருக்கிறது." அதற்கப்புறம் நாத்தனாரின் வரியை யாரோ வெட்டிவிட்டார்கள். கடைசியில் கடத்தலும் போலீசும் வந்து சேர்ந்துவிட்டன. பெரிய அயோக்கியன் எவனாவது அகப்படுவான், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கலாம் என்று இருந்தேன். ஒருவனும் இல்லை. ஆளாளுக்குக் கண், காது, மூக்கு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு நல்லது நடந்திருந்தது. அனுப்புகிற அவசரத்தில் யாருமே மற்றவர்களின் முகவரிகளை அழிக்கவில்லை. ஒவ்வொரு மெயிலிலும் வால் மாதிரி நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அத்தனை பேருக்கும் பதில் எழுதினேன். என்றைக்கு, எந்தக் கடையில், என்ன நடந்தது என்று தேதி போட்டு எழுதி, என் பேரும் நம்பரும் போட்டேன். குழந்தையின் அம்மாவைத் தெரிந்தவர்கள் கூப்பிடுங்கள் என்று முடித்தேன்.

மறுநாள் ராத்திரி ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அது என் பொண்ணுங்க."

எங்கள் மெயில் யார் மூலமாக வந்தது என்று கேட்டேன். அந்த வாலில் அவள் முகவரியும் இருந்ததாம். கடத்தல் மெயில் அவளுக்கும் வந்திருக்கிறது. அவள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டோ தெரியாது, வெறும் எழுத்து மட்டும்தான் வரும். படித்துவிட்டு, ஐயோ எவள் பெற்ற பிள்ளையோ என்று பதறி, தன் சிநேகிதிகள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறாள். என் பதிலில் கடையின் பேரைப் பார்த்தபிறகுதான் வீட்டுக்குப் போய்ப் போட்டோவைத் திறந்தாளாம்.

"என் பிள்ளையைக் காப்பாத்தினவரையே நான்..." என்றாள். எனக்கு வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை குழந்தையோடு வர முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

வந்தாள். கூட்டத்தில் எழுந்து, தான் அனுப்பியதையும் சேர்த்தே சொன்னாள். அதற்குத் தைரியம் வேண்டும். குழந்தை நாற்காலிகளுக்கு நடுவே இவரைப் பார்த்ததும், "சாவி மாமா!" என்று ஓடிவந்து சட்டைப்பையில் கை விட்டது. பையில் சாவி இல்லை. தலைமை ஆசிரியை தன் மேஜையிலிருந்து எடுத்துக் குழந்தையிடமே கொடுத்தார். இரண்டு வீட்டார் மட்டும் கடைசிவரை பிள்ளைகளை வேனில் அனுப்பவில்லை. போகட்டும்.

நான் எழுதிய மறுப்பு ஒரு மாதம் கழித்து எனக்கே திரும்பி வந்தது. கடைசியில் யாரோ, "இதை உடனே இருபது பேருக்கு அனுப்பவும், அலட்சியம் வேண்டாம்" என்று சேர்த்திருந்தார்கள். தலையில் அடித்துக்கொண்டேன்.

போன வாரம் அதே கடைக்குப் போயிருந்தோம். பில் போடுகிற இடத்தில் ஒரு பொடியன் தனியாக நின்று விசும்பிக்கொண்டிருந்தான். முதலில் பார்த்தது இவர்தான். ஒரு அடி எடுத்து வைத்தார், நின்றுவிட்டார். இரண்டு கையையும் பேண்ட் பையில் விட்டுக்கொண்டார்.

"நீ போய்ப் பிடி. நான் இங்கயே நிக்கிறேன்."

நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். சீக்கிரமே அவன் அப்பா வந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் இவர் தூண் பக்கம் ஒதுங்கி நிற்கிறார். பைக்குள் சாவிக்கொத்தை உருட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கிட்டே போய், அவன் அப்பா வந்துவிட்டார், வாங்க போகலாம் என்றேன்.

இவர் நகரவில்லை. சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"கிடைச்சிட்டான்னு எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டார்.